எலி விழுந்த வீடு

கொள்ளை நோய் என்று நம் முன்னோர் பெயரிட்டது காரணத்தோடுதான். திருடன் ஒரு வீட்டில் புகுந்து ஒரு பெட்டியைத் தூக்கிச் செல்வான். கொள்ளைக் கூட்டமோ ஊரையே சூறையாடிவிட்டுப் போகும். பிளேக், வாந்திபேதி, வைசூரி ஆகிய மூன்றும் அவ்விதமே ஊர் ஊராகச் சூறையாடின. ஆயினும் ஊரைக் கொள்ளையிடும் நோயும் முதலில் ஏதோ ஒரு வீட்டின் வாசற்படியைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. அந்த முதல் வீட்டார் நோயை வெளியே சொன்னார்களா, மறைத்தார்களா, நோயாளியை எவ்விதம் பேணினார்கள் என்பதைப் பொறுத்தே ஊரின் கதி அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் ஜில்லாவும் அதைச் சூழ்ந்த சீமையும் பட்ட பாட்டிலிருந்து இவ்வுண்மையை நன்றாக அறியலாம். நம் வீட்டிலும் நாளைக்கு ஒருவர் காய்ச்சலாய்ப் படுக்கக்கூடும். ஆகையால் அக்கதையை நேயர்களுக்கு இங்கே சொல்ல விரும்புகிறோம்.

ரயிலேறி வந்த நோய்

1894-ஆம் ஆண்டில் ஹாங்காங் நகரில் பிளேக் பரவியபோது, அலெக்ஸாண்டர் யெர்சின் என்ற அறிஞர் அந்நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். இரண்டாண்டு கழித்து, 1896-ல், நோய் பம்பாயில் தலைகாட்டிற்று. 1898-ல் பெங்களூரை அடைந்தது. பெங்களூரிலிருந்து ஓசூருக்கு ஏறக்குறைய 25 மைல்தான். அந்நாளில் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகியவையெல்லாம் சேலம் ஜில்லாவின் பகுதிகள். பெங்களூர் ரயில் பாதை சென்னைப் பாதையோடு வந்து கூடும் ஜோலார்பேட்டையும், 1911 வரையில் சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்த திருப்பத்தூர்ப் பகுதியிலேயே இருந்தது. ஆகவே மைசூர்ச் சீமையிலிருந்து வண்டிப் பாதை வழியாகவும் ரயில் வழியாகவும் நோய் கீழே இறங்கி வருவதற்குச் சேலம் ஜில்லாவே தலைவாசலாக அமைந்துவிட்டது.

சேலம் நகரத்தின் அமைப்பும் நோய்க்கு இசைவாகவே இருந்தது. செவ்வாய்ப்பேட்டை தானிய வியாபாரத்துக்குப் பேர்போன இடம். தானியம் குவியும் இடத்தில் எலியும் குவியும். அம்மாப்பேட்டை, குகை முதலிய பகுதிகளிலோ நெசவாளர் குடும்பங்கள் மிகுதி. அவர்களுக்கு வீடும் தொழிற்சாலையும் ஒன்றுதான். குழித்தறி போட்ட கூடத்தின் ஓரத்திலேயே சமையல், அங்கேயே படுக்கை. நோயாளியைத் தனி அறையில் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், அந்தத் தனி அறைக்கு எங்கே போவது? இந்தக் கேள்விக்கு விடை காணாத எந்தச் சுகாதாரத் திட்டமும் அத்தெருக்களில் காகிதத்தோடு நின்றுவிடும்.

எலி விழுதல்

பிளேக் வருவதை முதலில் கண்டுகொண்டவர் டாக்டர் அல்லர், வீட்டுப் பெண்மணி. "எலி விழுந்துவிட்டது" என்ற இரண்டு சொற்களில் அந்தச் செய்தி அடங்கியிருந்தது. கூரையில் திரியும் எலி பட்டப் பகலில் தள்ளாடி வந்து நடுக்கூடத்தில் விழுந்து சாகும். மறுநாள் தானியக் குதிரின் அடியில் இன்னொன்று கிடக்கும். இதைக் கண்டவுடன் பெரியவர்கள் மூட்டை கட்டச் சொல்வார்கள். ஊரைக் காலி செய்துவிட்டுத் தோட்டங்காடுகளில் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு, நோய் தணியும்வரை அங்கேயே தங்குவது மைசூர் எல்லையிலும் கொங்குச் சீமையிலும் ஜனங்கள் கைக்கொண்ட வழக்கம்.

இந்த வழக்கத்தில் அடங்கியிருந்த விஞ்ஞானம் பின்னரே தெளிவாயிற்று. எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்று 1898-ல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எடுத்துச் சொன்னார். பலர் நம்பவில்லை. 1905 முதல் பம்பாயில் நடத்தப்பட்ட ஆராய்ச்சிகள் அவர் கூற்றை நிலைநாட்டின. எலி செத்ததும், அதன் உடம்பு குளிர்ந்துபோக, பசித்த தெள்ளுகள் அதை விட்டு மனிதர்மேல் தாவுகின்றன. எலிகள் விழத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மனிதர் படுக்கத் தொடங்குவர். எனவே விழுந்த எலி ஊருக்கு இரண்டு வாரத் தவணை கொடுத்தது என்றே சொல்ல வேண்டும். அந்தத் தவணைக்குள் வீட்டை விட்டு வெளியேறியவர்கள் தெள்ளுக்குத் தப்பினார்கள்.

ஆனால் எல்லோராலும் வெளியேற முடிந்ததா? குடியானவனுக்குத் தோட்டம் இருந்தது. அங்கே கொட்டகை போட்டான். நெசவாளியோ தரையில் குழி தோண்டிப் பதித்த தறியைத் தலையில் தூக்கிக்கொண்டு போக முடியாது. தறி நின்றால் கூலி நின்றது. கூலி நின்றால் அடுப்பு நின்றது. ஆகவே விழுந்த எலியை ஓசைப்படாமல் தெருக்கோடியில் எறிந்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தவன்மேல் நாம் எளிதில் குற்றம் சுமத்திவிட முடியாது.

பத்து நாள் சீட்டு

சர்க்கார் தன் பங்குக்கு மூன்று வழிகளில் நோயைக் கண்காணித்தது. முதலாவது, ரயில் நிலையப் பரிசோதனை. இரண்டாவது, பிளேக் பாஸ்போர்ட் என்று ஜனங்கள் அழைத்த சீட்டு. நோய் கண்ட ஊரிலிருந்து வருபவர் தாம் போய்ச் சேரும் இடத்தைச் சொல்லி அந்தச் சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பிறகு பத்து நாள், நாள்தோறும், குறிப்பிட்ட உத்தியோகஸ்தர்முன் நேரில் தோன்றி, தமக்குச் சுகம் என்று காட்ட வேண்டும். நோய்க் கிருமி உடம்பில் புகுந்தால் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் காய்ச்சலும், தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறிக்கட்டும் தோன்றிவிடும். ஆகவே பத்து நாள் என்ற கணக்கில் நியாயம் இருந்தது. பிரயாணியை முகாமில் அடைத்து வைக்காமல், அவர் தம் உறவினர் வீட்டிலேயே தங்கியிருக்கக் கண்காணிப்பதும் இம்முறையின் ஒரு நலம்.

மூன்றாவது, ஜனன மரணப் பதிவு. கிராமத்தில் முன்சீப்பும் நகரத்தில் நகரசபையும் கணக்கு வைத்தார்கள். 1899-ல் சென்னை மாகாணத்தில் இதற்கென ஒரு சட்டமும் ஏற்பட்டது. ஆனால் மரணத்தின் காரணத்தை எழுதும் கட்டத்தில் பெரும்பாலும் "ஜுரம்" என்ற ஒரே சொல்தான் காணப்பட்டது. மலேரியாவும் ஜுரம், டைபாயிடும் ஜுரம், மறைக்கப்பட்ட பிளேக்கும் ஜுரம். வீட்டார் சொன்னதைத்தான் முன்சீப் எழுத முடியும். வீட்டார் அஞ்சினால் பதிவேடு பொய் சொல்லும். அதன்மேல் கட்டிய கணக்கும் பொய்யாகும்.

மறைத்தது ஏன்?

ஜனங்கள் அறியாமையால் மறைத்தார்கள் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் அலுக்காமல் எழுதினார்கள். நாம் அதை ஒப்புவதற்கில்லை. மறைத்ததற்குக் காரணத்தைப் புனா நகரத்தில் காணலாம். 1897-ல் கொள்ளை நோய்ச் சட்டம் பிறந்தது. அதைத் துணையாகக் கொண்டு, ராண்ட் என்ற அதிகாரியின் தலைமையில் புனாவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தனர். பூஜையறையும் அடுப்பங்கரையும் சோதனைக்கு உள்ளாயின. நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கும் மற்றவர்கள் முகாமுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். வீட்டுச் சாமான்கள் வெளியே எடுத்துக் கொளுத்தப்பட்டன. அவ்வாண்டு ஜூன் 22-ந் தேதி இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். "கேசரி"யில் வெளியானவற்றுக்காகத் திலகர் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

இச்செய்திகள் நாடெங்கும் பரவிய பிறகு, தன் தாய்க்கு நெறிக்கட்டிய செய்தியை எந்த மகன் மனமுவந்து வெளியே சொல்வான்? சொன்னால் தாய் ஆஸ்பத்திரிக்குப் போவாள்; திரும்புவாளோ மாட்டாளோ; வீடு சோதனைக்கு உள்ளாகும்; சாமான் எரியும்; தொழில் நிற்கும். மறைத்தாலோ, தாய் தன் வீட்டிலேயே கண்ணை மூடுவாள். மகன் இரண்டாவதைத் தேர்ந்தான். நோய் அண்டை வீட்டுக்குத் தாவியது. மறைத்த மகனைக் காட்டிலும், உண்மை சொன்னவனைத் தண்டித்த முறைக்கே இப்பழியில் பெரும்பங்கு சேரும். பம்பாயிலும் கான்பூரிலும் கலகங்கள் மூண்ட பிறகு, 1900-ஐ ஒட்டி, சர்க்காரும் பலாத்காரத்தை மெல்லக் கைவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பேணுவதற்கு இடம் கொடுக்கத் தொடங்கிற்று.

வாசலில் வேப்பிலை

இவ்விடத்தில் நம் ஊர் வழக்கம் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். ஒரு வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தவர் உள்ளே வரமாட்டார். அவ்வீட்டார் பிறர் வீட்டு விசேஷங்களுக்குப் போகமாட்டார். நோயாளிக்கென்று தனிப் பாய், தனிப் பாத்திரம். பணிவிடை செய்பவள் பெரும்பாலும் முன்பே அம்மை கண்டு தேறியவளாக இருப்பாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை இந்த நியமம் நீடிக்கும். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குத் திரளும் சேலத்து ஜனங்களுக்கு இவ்வழக்கம் எவரும் கற்பிக்காமலே தெரியும்.

இதில் பக்தி உண்டு. அதனோடு அறிவிப்பும் தனிமையும் தேர்ந்த பணிவிடையும் உண்டு. எந்த இன்ஸ்பெக்டரும் வந்து அந்த வேப்பிலையைச் செருகவில்லை, வீட்டாரே செருகினார்கள். ஏனெனில் வேப்பிலை செருகிய வீட்டை ஊர் தண்டிக்கவில்லை. அங்கே அம்மன் வந்திருக்கிறாள் என்று மதித்தது. வழக்கத்தால் மட்டும் வைசூரி ஒழிந்துவிடவில்லை. அம்மை குத்தியதாலும், ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டு சுற்றிலுமுள்ளவர்களுக்குத் தடுப்பு செய்ததாலுமே 1975-க்குப் பின் இந்தியாவில் அது இல்லாது போயிற்று. ஆயினும் வீட்டார் தாமாக வெளியிட்ட செய்தி எவ்வளவு உண்மையாக இருக்கும் என்பதற்கு அந்த வேப்பிலையே சாட்சி.

அருகிருந்தவர்கள்

திருவள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு அங்கம் வகுத்தபோது, நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு அருகிருந்து பணிவிடை செய்பவரையும் சேர்த்து எண்ணினார். பிளேக்குக்குத் தக்க மருந்து இல்லாத காலத்தில் நான்காவது அங்கமே பெரும் பாரத்தைச் சுமந்தது. அவ்வாறு சுமந்தவர்களில் சிலரை நாடு மறக்கலாகாது.

பெண் கல்விக்கு வழிகாட்டிய சாவித்திரிபாய் பூலே, புனாவில் பிளேக் நோயாளிகளுக்குப் பணி செய்கையில் அந்நோய் தம்மையே பற்ற, 1897 மார்ச்சு 10-ந் தேதி காலமானார். கடல் கடந்து சென்ற இந்தியர்களையும் நோய் விடவில்லை. 1904-ல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் இந்தியத் தொழிலாளர் 23 பேரை நுரையீரல் பிளேக் தாக்கிற்று. மகாத்மா காந்தி, பூட்டியிருந்த ஒரு வீட்டில் அவர்களைக் கிடத்தி, தம் அலுவலகத்து இளைஞர் நால்வரின் துணையோடு இரவெல்லாம் பணிவிடை செய்தார். நகரசபை அனுப்பிய தாதி நோய் தொற்றி இறந்தாள். நோயாளிகளில் இருவர் மட்டுமே பிழைத்தனர். சேலத்தை அடுத்த ஈரோட்டில் பிளேக் பரவியபோது, பின்னாளில் பெரியார் என்று பெயர் பெற்ற ஈ. வெ. ராமசாமி ஊரை விட்டு ஓடாமல் தங்கி, பிணங்களை அகற்றும் பணியிலும் இறங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். பெயர் தெரியாதவர்கள் எண்ணற்றோர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1918-ல் இன்புளுயென்சா என்னும் விஷ ஜுரம் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைச் சில மாதங்களில் பலி கொண்டது. அதற்கு மருந்தே இல்லை. படுக்கை, கஞ்சி, நீர், அருகில் ஒரு ஆள் ஆகியவைதாம் சிகிச்சை. அவ்வாண்டு இந்தியாவில் ஆண்களைக் காட்டிலும் பெண்களே மிகுதியாக மாண்டனர் என்று மரணக் கணக்குகள் காட்டுகின்றன. இதற்கு அறிஞர் கூறும் காரணங்களில் இரண்டு நம் நெஞ்சைச் சுடுகின்றன: பெண்கள் கடைசியில் மிஞ்சியதை உண்டார்கள், நோயாளியின் அருகில் முதலில் உட்கார்ந்தார்கள்.

சேலத்திலிருந்து ஒரு சட்டம்

அந்த இன்புளுயென்சா காலத்தில் சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர் ராஜாஜி. 1917 முதல் 1919 வரை அவர் அப்பதவி வகித்தார். 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, நாமக்கல் சமவெளிக் கிராமங்களின் வறுமையைக் கண்ணெதிரே கண்டார். 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அவருடைய மந்திரி சபையில் பொதுச் சுகாதார இலாகாவை வகித்தவர் டாக்டர் தி. சே. சௌ. ராஜன். அவர்கள் காலத்தில், 1939-ல், சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறிற்று. இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களில் அதுவே முதலாவது. தொற்று நோய் கண்டால் டாக்டர் தெரிவித்தாக வேண்டும் என்பதோடு, குடிநீர், சாக்கடை, கொசு, உணவு ஆகியவற்றையும் அச்சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. 1897-ன் சட்டம் நோய் வந்த பிறகு அதிகாரம் செலுத்தியது. 1939-ன் சட்டம் நோய் வராமல் காக்கும் கடமையை ஸ்தல ஸ்தாபனங்கள்மேல் சுமத்தியது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை அன்னிய ஆட்சிக்கும் நம்மவர் பொறுப்புக்கும் உள்ள வேற்றுமை என்றே நாம் கருதுகிறோம். 2020-ல் கொரோனா வந்தபோது இரண்டு சட்டங்களும் மறுபடியும் கையில் எடுக்கப்பட்டன.

வீட்டில் செய்யத் தக்கவை

இனி, நம் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் சில குறிப்புகள். காய்ச்சல் கண்டவருக்குக் காற்றோட்டமான இடம் வேண்டும். தனி அறை இல்லையேல், ஜன்னல் ஓரமாக ஒரு மூலையை ஒதுக்கிப் புடவையால் திரை கட்டலாம். பணிவிடைக்கு ஒருவரே போதும். அவர் திடசரீரியாகவும், தடுப்பூசி போட்டவராகவும் இருப்பது நலம். இருமல் நோயானால் இருவரும் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். நோயாளியைத் தொட்ட பின்பும், சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பாத்திரமும் துணியும் கொதிநீர் காணட்டும்.

காலையிலும் மாலையிலும் உஷ்ணமானி வைத்துப் பார்த்து, எண்ணையும் நேரத்தையும் குறித்து வைக்க வேண்டும். டைபாயிடுக்கு மருந்தில்லாத நாளில் மூன்று நான்கு வாரம் நீடிக்கும் அந்த ஜுரத்தை இத்தகைய குறிப்பே டாக்டருக்கு விளக்கிற்று. இன்றும் அது வீண்போகாது.

வாந்திபேதி கண்டவருக்குத் தண்ணீர் கொடுக்கலாகாது என்ற தவறான எண்ணம் பல உயிர்களைக் குடித்தது. 1971-ல் வங்காளத்து அகதி முகாம்களில் டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உறவினர் கையாலேயே கொடுக்கச் செய்து, நூற்றுக்கு முப்பதை எட்டிய மரணத்தை நாலுக்கும் கீழாகக் குறைத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் பொட்டலமே சிறந்தது. அது கைக்கெட்டாவிடில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறுகச் சிறுகக் கொடுத்துவர வேண்டும். உப்பை அளவுக்கு மேல் கூட்டலாகாது.

மூச்சுத் திணறல், நினைவு தடுமாறல், சிறுநீர் கட்டுதல், இரத்தம் கசிதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் வீட்டுப் பணிவிடை போதாது; உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பணிவிடை செய்பவளுக்கு வேளைக்கு உணவும் உறக்கமும் கிடைக்கச் செய்வது வீட்டு ஆண்களின் கடமை. 1918-ன் கணக்கை மீண்டும் எழுதவிடலாகாது.

கோழி விழுந்தாலும்

பிளேக் அடியோடு அழிந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். 1966-க்குப் பின் இந்தியாவில் மனிதரிடம் காணாதிருந்த அது, 1994-ல் சூரத்தில் மறுபடியும் தலைகாட்டிற்று. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் கூடும் எல்லைப் பகுதியில், பழைய சேலம் ஜில்லாவின் வடகோடியையும் சேர்த்து, காட்டெலிகளைப் பிடித்து இரத்தம் சோதிக்கும் பணி நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. இன்று மருந்து உண்டு. காலத்தில் தெரிந்தால் பிளேக் நோயாளியைப் பிழைக்க வைக்கலாம். காலத்தில் தெரிவதுதான் கேள்வி.

நாமக்கல் இன்று கோழிப் பண்ணைகளின் ஊர். 2006-ல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது முதல், பண்ணையில் கோழிகள் திடீரென்று விழுந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பண்ணைக்காரர் தம் முதலெல்லாம் புதைகுழிக்குப் போய்விடுமோ என்று அஞ்சினால், விழுந்த கோழியை மறைப்பார். நியாயமான நஷ்டஈடு தாமதமின்றி வரும் என்று நம்பினால் சொல்லுவார். அன்று எலியை ஒளித்த நெசவாளியும் இன்று கோழியை ஒளிக்க நினைப்பவரும் ஒரே அச்சத்தால் ஆட்டி வைக்கப்படுபவர்கள்.

2021-ல், முன்பு சேலம் ஜில்லாவாயிருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளிக் கிராமத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கிற்று. வீட்டுக்கு வந்து பார்க்கும் பெண் ஊழியர் இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார். படுத்த படுக்கையானவருக்குப் பணிவிடை முறையைக் கற்பிக்கிறார். டெங்குக் கொசுவின் புழுவைத் தேடி வேறு ஊழியர் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கிறார். சிப்பாய் உதைத்துத் திறந்த கதவை இன்று ஒரு பெண் மெல்லத் தட்டுகிறார். அவரை உள்ளே அழைத்து, உள்ளதை உள்ளபடி சொல்வது குடும்பத்தின் கடமை. சொன்ன குடும்பம் அதனால் ஒரு நாள் கூலியும் இழக்காமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை. இவ்விரண்டும் கூடிய ஊரில் கொள்ளை நோய் முதல் வீட்டோடு நின்றுவிடும்.